அழித்துத் திருத்திய யானைப் படம்

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவை ஒட்டி கிளப் ஹவுஸில் நடந்த புகைப்படக் கண்காட்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "காட்டு விலங்குகளைப் படம் எடுப்பது எப்படி, எடுத்த படத்தை மெருகேற்றுவது எப்படி, அரை மணி நேரம் பேசுங்க சார்" என்றார். பேசுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பழைய கணக்கை நேர் செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் நம் சங்கக் காலண்டரில் ஜனவரி மாதத்துக்கு ஒரு யானைப் படம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பனி மூட்டத்தில் நான்கு பெரிய யானைகள், நடுவில் ஒரு குட்டி. கீழே "நமது வனச்செல்வம்" என்று போட்டிருந்தது. அதை எடுத்தது நான்தான். போட்டியில் முதல் பரிசு. பரிசாகக் கொடுத்த ஹாட் பாக்ஸில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சப்பாத்தி இருக்கிறது. அந்தப் படம் சரியான படம் இல்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பனிக்கரடி. போன மாதம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் சுற்றியது. ஒரு சின்னப் பனிக்கட்டி மிதக்கிறது, அதன் மேல் ஒரு பனிக்கரடி சுருண்டு தூங்குகிறது. "இது கம்ப்யூட்டரில் செய்தது" என்று ஒருவர் எழுதினார். இல்லை, அது உண்மைப் படம். நீமா சரிகானி என்ற பிரிட்டிஷ் அமெச்சூர் எடுத்தது. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் கப்பலில் போய், மூன்று நாள் மூடுபனியில் கரடியைத் தேடி அலைந்த பிறகு கிடைத்தது. கரடி தன் நகத்தாலேயே பனியைச் சுரண்டிப் படுக்கை செய்துகொண்டு தூங்கிவிட்டது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2024 பிப்ரவரியில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த படம் அதுதான். ஓட்டுப் போட்டவர்கள் மட்டும் சுமார் 75,000 பேர்.

குரூப்பில் அந்தப் படத்துக்குக் கீழே இன்னொருவர், "நம்மூரில் இப்படி எடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். சார், நமக்கு இருப்பது பனிக்கரடியைவிட எடையில் பல மடங்கு பெரியது. வருடா வருடம் நம் வாசலுக்கே வருகிறது.

மழைக்காலம் முடிகிற சமயம் கர்நாடகத்தின் பன்னர்கட்டா பக்கத்திலிருந்து யானைகள் ஜவளகிரி காட்டுக்குள் இறங்கும். அதற்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் கிடையாது. தளி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம் என்று பிரிந்து போகும். ஒரு கூட்டம் சானமாவு வரைக்கும் வந்து, அங்கிருந்து பேரண்டப்பள்ளி பக்கம் நெடுஞ்சாலையைத் தாண்டும். அந்தச் சாலையில் நீங்களும் நானும் கிருஷ்ணகிரிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறோம். யானைகள் வருவதும் ராகி முற்றுவதும் ஒரே காலம். அது தற்செயல் இல்லை. அரசாங்கமும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 504 சதுர கிலோமீட்டரில் வந்தது. 2022 நவம்பரில் காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர். சரணாலயத்தின் எல்லை வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. ராகி வாசனைக்கு எல்லை இல்லை.

இப்போது கேமரா விஷயம். பனிக்கரடியையும் யானையையும் ஒன்றாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதற்குக் கண் கிடையாது, ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். வெள்ளைப் பனியில் வெள்ளைக் கரடியைக் காட்டினால், "ஐயோ, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். கரடி அழுக்கு வேட்டி மாதிரி வரும். அதனால் அங்கே எடுப்பவர்கள் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைப்பார்கள். யானை இதற்கு நேர் எதிர். அதிகாலையில் கறுத்த யானை சட்டம் முழுக்க நின்றால், "இருட்டாக இருக்கிறதே" என்று கேமரா கூட்டிவிடும். வானம் வெளுத்துப் போகும், யானை சாம்பல் பூசணிக்காய் மாதிரி வரும், ஷட்டர் மெதுவாகி நடக்கிற கால்கள் கலங்கும். ஒரு படி குறைத்து வையுங்கள். ஷட்டர் 500-ல் ஒரு பங்குக்குக் கீழே போக விடாதீர்கள். ஐ.எஸ்.ஓ. கூடினால் கூடட்டும், புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. கலங்கின படத்தைத் தெளிய வைக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

நிறம் இன்னும் சுவாரசியம். பனிக்கரடியின் முடி உண்மையில் வெள்ளை இல்லை. நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற முடி. அடியில் தோல் கறுப்பு. நம் யானையும் நாம் நினைக்கிற நிறத்தில் இருப்பதில்லை. தளிப் பக்கத்துச் செம்மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு செங்கல் நிறத்தில் வரும். கேமராவிலும் போனிலும் இருக்கும் "ஆட்டோ" வசதி அதைப் பார்த்து, யானை சாம்பலாகத்தானே இருக்க வேண்டும் என்பது போல சிவப்பை உறிஞ்சிவிடும். படம் "சுத்தமாக" தெரியும். ஆனால் அந்த யானை எந்த மண்ணில் நின்றதோ அந்த மண் போய்விட்டது. வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு என்று இருக்கும் குறியில் வைத்தால் செம்மண் அப்படியே நிற்கும். இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

எங்கே நின்று எடுப்பது? காட்டுக்குள் போகாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். யானை 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், என் முழங்கால் கணக்கைச் சொல்கிறேன். ஆசிய யானை மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதை விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள். நான் நம் லேஅவுட்டை நடந்து சுற்றி வரவே 20 நிமிடம் ஆகிறது.

ஸ்வால்பார்டில் 2025 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது. பனிக்கரடிக்கு 300 மீட்டருக்குள் போகக் கூடாது. மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். படம் எடுக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். இங்கே, ஏரியில் யானை இறங்கியிருக்கிறது என்று குரூப்பில் ஒரு லொகேஷன் வந்தால் போதும். அரை மணியில் 100 பைக். டார்ச், விசில், செல்ஃபி. வனத்துறை ஊழியர்கள் யானையைக் காட்டுக்குத் திருப்புவதை விட்டுவிட்டு நம்மைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்து மிரண்ட யானை இரவில் எந்தக் கொல்லையில் போய் நிற்கும் என்பது அந்தக் கொல்லைக்காரர் பாடு. அதனால் உங்கள் போனில் படத்தோடு இடத்தையும் பதிவு செய்யும் வசதியை அணைத்து வையுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் செய்யுங்கள்.

நான் கற்றுக்கொண்ட வழி, யானை வருகிற ஊரில் ஒரு மொட்டை மாடியைச் சம்பாதிப்பது. அப்படித்தான் அந்தக் காலண்டர் படம் கிடைத்தது.

தளி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். பெயர் சொல்ல மாட்டேன், காரணம் இப்போதுதான் சொன்னேன். அங்கே ஒரு விவசாயி, இரண்டரை ஏக்கர். நான் பேங்கில் இருந்தபோது நகைக்கடன் கவுண்ட்டரில் பழக்கம். தெலுங்கும் கன்னடமும் கலந்த தமிழ் பேசுவார். டிசம்பர் முதல் வாரம், "ரெண்டு நாளா ராத்திரி வருது சார், நீங்க வேணா மாடியில படுத்துக்குங்க" என்றார். போனேன். ராத்திரி முழுக்க அவரும் பக்கத்துக் கொல்லைக்காரர்களும் தகரம் தட்டினார்கள், பட்டாசு போட்டார்கள். நான் மேலே போர்வைக்குள் இருந்தேன். அந்தக் கேவலத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் நஷ்டத்தைத் தடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் விடிந்தால் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடியற்காலை ஆறே கால். பனி. கூட்டம் கொல்லையை விட்டுக் காட்டுக்குத் திரும்பியது. 40 படம் எடுத்திருப்பேன். ஒரு படத்தில் ஐந்து யானையும் வரிசையாக அமைந்தது. குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே. கை நடுங்கியது, ஆனாலும் படம் கலங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், படத்தில் வேறு பலதும் இருந்தன. இடது ஓரம் மோட்டார் கொட்டாய். மேலே கரண்ட் கம்பி இரண்டு வரிசை. முன்னால் மிதிபட்ட ராகி, பிய்ந்து கிடந்த சொட்டுநீர்க் குழாய். வலது மூலையில் லுங்கியும் தலைப்பாகையுமாக, கையில் டார்ச்சோடு அவர். தோள் தொங்கிப்போய் நின்றார்.

போனில் இப்போது ஒரு வசதி இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். விரலால் தேய்த்தால் வேண்டாதது மறைந்துவிடும். முதலில் கம்பியைத் தேய்த்தேன். நன்றாக இருந்தது. பிறகு கொட்டாய். பிறகு குழாய். ராகியைத் தேய்த்தபோது அதுவே பச்சைப் புல்லாக ஏதோ நிரப்பிக் கொடுத்தது. கடைசியில் மூலையில் நின்ற மனிதர். அவருக்கு இரண்டு தேய்ப்புத்தான். யானையின் உடம்பில் இருந்த புள்ளிகளை நீக்க இன்னொரு பொத்தானை அமுக்கினேன். அது புள்ளியை எடுத்ததோடு நிற்காமல், தோலில் இல்லாத சுருக்கங்களைத் தானே வரைந்தது. முன்னால் போன யானையின் காதோரத்தில் ஒரு கிழிசல் இருந்தது, அதையும் தைத்துவிட்டது. நான் மகிழ்ந்துபோனேன்.

யானைகளை ஆராய்கிறவர்கள் ஒவ்வொரு யானையையும் அடையாளம் வைப்பது எதைக் கொண்டு தெரியுமா? காதின் மடிப்பு, கிழிசல், வெளுத்த திட்டு, வால் முடி இவற்றைக் கொண்டுதான். பேங்கில் மாதிரிக் கையெழுத்து அட்டை வைத்திருப்போமே, அதுதான் அந்தக் காது. 30 வருடத்துக்கு மேல் கையெழுத்துச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன், ஒரு யானையின் கையெழுத்தை அழித்துவிட்டு அதற்கு ஹாட் பாக்ஸ் வாங்கினேன்.

ஜனவரி முதல் வாரம், மரியாதைக்கு ஒரு காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் விரித்தார். அவர் மனைவியும் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு அவர் கேட்டது இதுதான்.

"எங்க சார் எடுத்தீங்க இத?"

"உங்க கொல்லையிலதாங்க. அன்னிக்குக் காலையில."

"மோட்டார் கொட்டாய காணோமே சார்."

விளக்கினேன். பின்னணி, அழகு, போட்டி என்று ஏதேதோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி சார், அது இருக்கட்டும். அன்னிக்கு எடுத்த போட்டோ, ராகி போனது தெரியற மாதிரி, ஒண்ணு குடுங்க. மனு குடுத்திருக்கேன். போட்டோ இருந்தா வைங்கன்னாங்க" என்றார். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு தரும், அதற்கான மனு. கொல்லையை அதற்குள் உழுதுவிட்டார். அவரிடம் இருந்தது பட்டன் போன். மகன் பெங்களூரில் வேலை. சாட்சிக்குப் படம் எடுத்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.

தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் என்னிடம் மூலப் படம் இல்லை.

நடந்தது இதுதான். தேய்த்து முடித்ததும் "நகலாகச் சேமி" என்பதற்குப் பதில் "சேமி" என்பதை அமுக்கியிருக்கிறேன். பழைய படத்தின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிட்டது. கேமராவின் மெமரி கார்டைப் பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவுக்காகத் துடைத்துவிட்டேன். மற்ற படங்களை, பரிசுக்கு லாயக்கில்லாதவை என்று அன்றே தள்ளியிருந்தேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பேங்கில் சேர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பேரேட்டில் தப்பான தொகை விழுந்துவிட்டால் பிளேடால் சுரண்டக் கூடாது, ரப்பர் போடக் கூடாது, மேலேயே அழுத்தி எழுதவும் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியான தொகை, பக்கத்தில் இனிஷியல். வவுச்சரைக் கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் 1,350 என்பதை 1,530 என்று எழுதிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று பிளேடால் சுரண்டினேன். ஹெட் கிளார்க் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "தப்பு பண்ணினது தப்பில்லடா தம்பி. சுரண்டினதுதான் தப்பு. இனி இந்தப் பக்கத்துல இருக்கற எல்லாக் கணக்கையும் நான் சந்தேகப்படணும்" என்றார். அப்போது எனக்கு வயது 23. அறுபது தாண்டிய பிறகு அதே பிளேடு, விரல் நுனியில்.

புகைப்படத்திலும் இந்தச் சட்டம் இருக்கிறது என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். எஃப்.ஐ.ஏ.பி., அமெரிக்காவின் பி.எஸ்.ஏ., இங்கிலாந்தின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து 2014-ல் இயற்கைப் படத்துக்கு ஒரு பொது வரையறை கொண்டுவந்தன. ஓரங்களை வெட்டலாம். வெளிச்சம், நிழல் சரிசெய்யலாம். கேமராவால் வந்த தூசிப் புள்ளியையும் இரைச்சலையும் நீக்கலாம். கறுப்பு வெள்ளையாக மாற்றலாம். ஆனால் படத்தில் இருந்த எதையும் எடுக்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது. கேமரா போட்ட அழுக்கைத் துடைக்கலாம், உலகம் போட்டதைத் துடைக்கக் கூடாது என்று நான் புரிந்துகொண்டேன்.

அதே வரையறையில், மனிதனின் அடையாளங்கள் படத்தில் இருக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அப்படியானால் கொட்டாயை நான் மறைத்தது சரிதானே என்று கேட்பீர்கள். மறைக்கக் கூடாது, மூன்றடி தள்ளி நின்று எடுக்கலாம். தவிர, அந்த விதிக்கு அவர்களே ஒரு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். மனிதன் மாற்றிய இடத்துக்குப் பழகிப்போன ஆந்தை, நாரை மாதிரி உயிரினங்களின் கதையில் மனித அடையாளமும் ஒரு பகுதி என்றால் அது இருக்கலாம். ஓசூர் யானையும் அந்தக் கணக்கில் வரும் என்பது என் வாதம். கரண்ட் கம்பி இல்லாத ஓசூர் யானை கதையிலேயே இல்லை.

உங்களில் பலர் "தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்" பார்த்திருப்பீர்கள், 2023-ல் ஆஸ்கர் வாங்கிய படம். முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த ரகு என்ற குட்டி, நம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் 2017-ல் மீட்கப்பட்டது. அதன் தாய் செத்தது மின்சாரம் தாக்கி. ஆஸ்கர் வந்த அதே மார்ச் மாதம், 7-ம் தேதி, தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் கொல்லைக்குப் போட்டிருந்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் தேய்த்த அந்தக் கம்பியை நினைத்தால் எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலும் இதே பாடுதான். லண்டன் போட்டியில் 2017-ல் பிரேசில் நாட்டு எறும்புதின்னிப் படம் ஒன்று பரிசு வாங்கியது. 2018 ஏப்ரலில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அது பஞ்சு அடைத்த பொம்மை விலங்கு என்று அருங்காட்சியக நிபுணர்கள் சொன்னார்கள், எடுத்தவர் மறுத்தார். அவர் கொடுத்த மூலக் கோப்புகளில் முன்னால் எடுத்தது இருந்தது, பின்னால் எடுத்தது இருந்தது, எறும்புதின்னி இருக்கும் இன்னொரு படம் இல்லை. எங்கள் பாஷையில், வவுச்சர் இல்லாத பற்று.

எதையுமே அழிக்காமலும் தப்பு வரும். 2017-ல் எலும்பும் தோலுமாகத் தள்ளாடும் ஒரு பனிக்கரடியின் வீடியோ உலகமெல்லாம் போனது. கனடாவின் வடகோடியில் எடுத்தது. வீடியோவில் ஒரு திருத்தமும் இல்லை. ஆனால் பருவநிலை மாற்றம் என்றால் இதுதான் என்று நேஷனல் ஜியாக்ரஃபிக் அதற்கு வாசகம் போட்டது. அந்த ஒரு கரடி எதனால் அப்படி ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் நாங்கள் எல்லை மீறிவிட்டோம் என்று அடுத்த வருடம் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கடலில் பனி குறைவதும் அதனால் கரடிகள் திண்டாடுவதும் உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு வாசகத்தால் சந்தேகப்படுகிறவர்களுக்கு வசதி ஆகிவிட்டது. "நமது வனச்செல்வம்" என்று என் படத்துக்குக் கீழே போட்டதும் அந்த ரகம்தான். எடுத்தது ஒருவருடைய ராகிக் கொல்லையில்.

நம் சென்னைக்காரர் மா. கிருஷ்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்து ஒரு பெரிய கேமரா செய்துகொண்டார். அதற்கு "சூப்பர் பாண்டெரோசா" என்று பெயர் வைத்தார். வனத்துறையின் வளர்ப்பு யானை மேல் உட்கார்ந்துகொண்டு காட்டு யானைகளை எடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்து ஃபிலிமில் ஒரு நல்லது. இருட்டறையில் பிரிண்டை எப்படி வேண்டுமானாலும் கறுக்க வைக்கலாம், வெளுக்க வைக்கலாம். நெகடிவ் அப்படியே உறையில் இருக்கும், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். இன்றைக்கு அந்த நெகடிவை நாமாகத்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேமராவில் "ரா" என்ற வடிவத்தில் எடுங்கள். கோப்பு பெரியதாக இருக்கும், பரவாயில்லை. லைட்ரூமோ, இலவசமாகக் கிடைக்கும் ஸ்நாப்சீடோ, எதில் திருத்தினாலும் நகலில் திருத்துங்கள். நான் இப்போது இரண்டு ஃபோல்டர் வைத்திருக்கிறேன், ஒன்றில் மூலம், மற்றொன்றில் திருத்தியது. மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை மகள் வீட்டில் வைத்திருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்த விவசாயிக்கு என்ன ஆயிற்று என்று சிலர் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. சொல்கிறேன்.

அன்று காலை பெருமை தாங்காமல், சேலத்தில் இருக்கும் என் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் ஏழெட்டுப் படம் அனுப்பியிருந்தேன். என் போனில் இடம் இல்லை என்று நான் அழித்துவிட்டேன். அவர் எதையும் அழிக்காத மனிதர். 2015-ல் வந்த குட் மார்னிங் மெசேஜைக்கூட வைத்திருக்கிறார். இதற்காக நான் அவரைக் கேலி செய்யாத தீபாவளி கிடையாது. போன் போட்டுக் கேட்டேன். இருந்தது. சுருங்கி, கொஞ்சம் கலங்கின படம். யானைகளின் பின்பக்கம் மட்டும் தெரிகிறது. ஆனால் மிதிபட்ட ராகி, கொட்டாய், பிய்ந்த குழாய், மூலையில் அவர், எல்லாம் இருந்தன. பாகலூர் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, பின்னால் தேதி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரிகள் நேரிலும் வந்து பார்த்தார்கள். நாலைந்து மாதத்தில் ஒரு தொகை வந்தது. படம் இல்லாமலேயே வந்திருக்கலாம். போன ராகிக்கு ஈடாகாது என்றார், இருந்தாலும் வந்தது என்றார்.

சங்கத் தலைவரிடம் விஷயத்தைச் சொல்லிப் பரிசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். என் வீட்டுக்காரம்மா ஹாட் பாக்ஸைத் தர மறுத்துவிட்டார். அதனால் இன்றைக்கு அதற்குப் பதிலாக ஒன்று செய்திருக்கிறேன். கண்காட்சியில் லிஃப்ட் பக்கத்தில் கடைசியாக மாட்டியிருப்பது அந்த இரண்டு படங்களும்தான். இடது பக்கம் காலண்டரில் வந்தது. வலது பக்கம் மச்சான் வைத்திருந்தது. எதெல்லாம் காணாமல் போயிருக்கிறது என்று குழந்தைகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததைக் காலையில் பார்த்தேன். ஒரு பையன் ஒன்பது கண்டுபிடித்தான். என் கணக்கில் எட்டுத்தான் இருந்தது.

அடுத்த வருடக் காலண்டர் போட்டிக்கு, பரிசு பெறும் படத்தின் மூலக் கோப்பையும் கேட்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

அந்த வலது பக்கப் படத்தின் இன்னொரு பிரிண்ட் அவர் வீட்டில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் இல்லாமல், கரண்ட் மீட்டருக்கு மேலே மாட்டியிருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது, "சார், யானை வேணாம், ராகி நிக்கறப்ப ஒரு நாள் வந்து கொல்லைய மட்டும் ஒரு போட்டோ புடிங்க, எங்களையும் நிக்க வெச்சு" என்றார். வருகிற கார்த்திகையில் போகலாம் என்று இருக்கிறேன். துணைக்கு இரண்டு பேர் வரலாம், கேமரா தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. தனியாக என்னிடம் வந்து சொல்லுங்கள், குரூப்பில் போட வேண்டாம்.